வயிற்றில் ஒரு வாசல்



குடும்பப் பத்திரிகையில் குடலைப் பற்றி எழுதுவதா என்று முகம் சுளிக்க வேண்டாம். நம் வீடுகளில் நீரிழிவைப் பற்றிப் பேசுகிறோம். இரத்தக் கொதிப்பைப் பற்றிப் பேசுகிறோம். இதய அறுவை செய்துகொண்டவர் தம் மார்புத் தழும்பைக் காட்டிக் கதை சொன்னால் சுற்றி அமர்ந்து கேட்கிறோம். ஆனால், மலம் கழியும் பாதையில் நோய் வந்துவிட்டால் அந்த வீட்டில் பேச்சு நின்றுவிடுகிறது. நோயாளி வாய் திறப்பதில்லை, வீட்டார் கேட்பதில்லை, உறவினர் தாமாக ஏதோ ஒன்றை ஊகித்துக்கொள்கின்றனர்.

என் பெருங்குடல் 2018ஆம் ஆண்டில் அகற்றப்பட்டது. அன்று முதல் என் வலப்பக்க அடிவயிற்றிலுள்ள ஒரு சிறு வாசல் வழியாகவே கழிவு வெளியேறுகிறது. அதன்மேல் பொருத்திய ஒரு பை அதனை ஏந்திக்கொள்கிறது. இதைப் படித்தவுடன் உங்களுக்கு இரக்கம் தோன்றக்கூடும். நான் கேட்பது இரக்கமன்று. அறுவைக்கு முந்திய எட்டாண்டுகளைக் காட்டிலும் இன்று நான் நலமாக வாழ்கிறேன் என்பதையும், அந்த நலத்தில் பாதியை மருத்துவர் தந்தாரென்றால் மறுபாதியை என் வீட்டார் தந்தார்கள் என்பதையும் சொல்லவே எழுதுகிறேன்.

நோயின் இயல்பு

குடல் அழற்சி நோயில் பெரிதும் அறியப்பட்டவை இரண்டு. ஒன்று, அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் எனப்படும் பெருங்குடல் புண் அழற்சி. மற்றொன்று, குரோன் நோய். நியூயார்க் நகரத்து மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த பரில் குரோன் என்பாரும் அவருடைய தோழர் இருவரும் 1932ஆம் ஆண்டில் அதனை விவரித்து எழுதியதால் அப்பெயர் வந்தது. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே குடலின்மீது திரும்பிவிடுவதுதான் இரண்டிலும் நேர்வது. இவை தொற்று நோய்களல்ல. நோயாளியின் தட்டில் உண்டாலும், அவரோடு ஒரே படுக்கையில் உறங்கினாலும் ஒட்டுவதில்லை.

இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாட்டை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். குரோன் நோய், வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரலாம்; குடற்சுவரின் முழுக் கனத்தையும் தாக்கலாம். பழுதுபட்ட பகுதியை வெட்டி எடுத்தாலும் வேறிடத்தில் மீண்டும் தலைகாட்டக்கூடும். ஆகவே அறுவைக்குப் பின்னும் கண்காணிப்பும் பலருக்கு மருந்தும் தேவைப்படும். பெருங்குடல் புண் அழற்சியோ பெருங்குடலின் உட்படலத்தோடு நிற்பது. பெருங்குடலையும் மலக்குடலையும் எடுத்துவிட்டால் அந்நோய்க்குக் குடியிருக்க வீடில்லாமற் போகிறது. எனக்கு வந்தது இவ்வகையே.

இராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊரொன்றில் சிறு ஜவுளிக்கடை நடத்துபவன் நான். 2010ஆம் ஆண்டில் இரத்தமும் சளியுமாகக் கழியத் தொடங்கியது. முதலில் மூலம் என்றார்கள். பிறகு சீதபேதி என்றார்கள். மதுரைக்குச் சென்று குழாய் செலுத்திப் பார்த்த பிறகே நோயின் பெயர் தெரிந்தது. நோய் சீறிய நாட்களில் பதினைந்து முறை ஓட வேண்டியிருந்தது. வாடிக்கையாளருக்குச் சேலையை விரித்துக்கொண்டிருக்கும்போதே பாதியில் விட்டுவிட்டு ஓடுவேன். பேருந்துப் பயணமென்றால் முதல்நாள் மாலையிலிருந்தே பட்டினி. ஜும்ஆவில் கடைசி ஸஃப்பில், கதவோரம் நிற்பேன். அப்படியும் குத்பா முடிவதற்குள் எழுந்து போன வாரங்கள் பல.

மருந்துகள் தரப்பட்டன. அழற்சியைத் தணிக்கும் மாத்திரைகளும், எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளும் சில காலம் கைகொடுத்தன. ஸ்டீராய்டு மருந்து நோயை அடக்கியதோடு முகத்தை வீங்கவும் சர்க்கரையை ஏறவும் வைத்தது. அதைக் குறைக்கும்போதெல்லாம் நோய் திரும்பியது. பிறகு ஊசி வழியாக ஏற்றும் விலையுயர்ந்த மருந்தும் தரப்பட்டது. அதுவும் சில மாதங்களில் பலன் தராமற் போயிற்று. இறுதியில், அறுவையே வழி என்றார் மருத்துவர்.

முப்பத்திரண்டு கேள்விகள்

அறுவைக்கு நாள் குறித்த பின்னர் மருத்துவர் ஒரு வினாத்தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். கனடா நாட்டு மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தாரால் உருவாக்கப்பட்டு, 1989ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது அது. குடல் அழற்சி நோயாளியின் வாழ்க்கைத் தரத்தை அளக்க உலகெங்கும் பயன்படுகிறது. அதில் 32 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண் இட வேண்டும். மிக மோசமான நிலைக்கு ஒன்று. குறையில்லாத நிலைக்கு ஏழு.

எனக்கு வியப்பளித்தது என்னவெனில், அவற்றில் குடலைப் பற்றியவை ஒரு பகுதியே. சோர்வு, உறக்கம் பற்றியும், கவலை, எரிச்சல் பற்றியும், அழைப்புகளுக்குப் போக முடியாமற் போனதைப் பற்றியும் அது வினவியது. அதுவரை எந்தச் சோதனைச் சீட்டும் என்னிடம் அவற்றைக் கேட்டதில்லை. அன்று பெரும்பாலானவற்றுக்கு ஒன்றும் இரண்டுமே இட்டேன். அறுவை முடிந்து ஓராண்டிற்குப் பின் அதே தாளை நிரப்பினேன். ஐந்தும் ஆறும் மிகுதியாக விழுந்தன. இடையில் நிகழ்ந்தது என்ன என்பதுதான் இனி நான் சொல்லப்போவது.

வாசல் அமைந்த விதம்

சிறுகுடலின் கடைசிப் பகுதியை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொணர்ந்து தைப்பதற்கு இலியாஸ்டமி என்று பெயர். வெளியே தெரியும் சிவந்த முனையை ஸ்டோமா என்பர். ஒரு காலத்தில் இந்த முனை தோலோடு சமமாகத் தைக்கப்பட்டதால், சிறுகுடலின் செரிமான நீர் தோலை அரித்துப் புண்ணாக்கியது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து அறுவை மருத்துவர் பிரையன் புரூக், குடலின் முனையைச் சட்டைக் கையை மடிப்பதுபோல் வெளிப்புறமாக மடித்துத் தைக்கும் முறையை 1952ஆம் ஆண்டில் எழுதினார். இன்றும் அம்முறையே கையாளப்படுகிறது.

ஒட்டிக்கொள்ளும் பை வந்ததும் ஒரு குடும்பத்தின் துன்பத்தினால்தான். டென்மார்க் நாட்டுச் செவிலியர் எலிஸே சோரன்சன் என்பாரின் தங்கை தோரா, வயிற்றில் வாசல் வைத்த பிறகு வீட்டைவிட்டு வெளியே வர அஞ்சினார். அவருக்காகவே, உடலில் ஒட்டும் பை ஒன்றை எலிஸே 1954ஆம் ஆண்டில் சிந்தித்து உருவாக்கினார். அமெரிக்காவில், பெருங்குடல் புண் அழற்சியால் இதே அறுவைக்கு ஆளான நார்மா கில் என்ற பெண்மணி, கிளீவ்லாந்து மருத்துவமனையில் மருத்துவர் ரூபர்ட் டர்ன்புல்லோடு சேர்ந்து 1958 முதல் பிற நோயாளிகளுக்குப் பயிற்சி அளித்தார். ஸ்டோமா செவிலியர் என்ற தொழிலே அவரிடமிருந்துதான் தொடங்கியது. ஒரு தங்கைக்காக அக்காள் செய்ததும், ஒரு நோயாளி மற்ற நோயாளிகளுக்குச் செய்ததும் அன்றோ இன்று என்னை நடமாட வைத்திருக்கின்றன!

எனக்கு வாய்த்த செவிலியச் சகோதரி முஸ்லிம் அல்லர். ஆயினும் அறுவைக்கு முதல்நாள் அவர் செய்ததை நான் மறக்க முடியாது. வாசல் எங்கே அமைய வேண்டும் என்று குறியிடுவதற்காக என்னை நிற்கவும் அமரவும் சொன்னார். பிறகு, “ஐயா, நீங்கள் தொழும்போது எப்படிக் குனிவீர்கள், எப்படி அமர்வீர்கள், செய்து காட்டுங்கள்” என்றார். ருகூவும் ஸஜ்தாவும் அத்தஹிய்யாத்து இருப்பும் செய்து காட்டினேன். “கைலியை எந்த இடத்தில் கட்டுவீர்கள்?” என்றும் கேட்டார். வயிறு மடியும் கோட்டிலும் கைலியின் முடிச்சிலும் படாத ஓரிடத்தைத் தேர்ந்து மையால் வட்டமிட்டார். வாசகர்களே! உங்கள் குடும்பத்தில் எவருக்கேனும் இவ்வறுவை குறிக்கப்பட்டால், இந்தக் குறியீட்டை முன்னதாகவே கேட்டுப் பெறுங்கள். இடம் தவறினால் தகடு நெகிழ்ந்து கசியும். கசிவோ மனிதனை வீட்டுக்குள் அடைத்துவிடும்.

தொழுகையும் நோன்பும்

வீடு திரும்பியதும் என்னை வாட்டியது வலியன்று. “இடைவிடாமல் கழிவு வந்துகொண்டிருக்கிறது, அதையும் உடலோடு சுமக்கிறோம், இனி உளூ எப்படி? பள்ளிக்குள் எப்படி?” என்ற கேள்விதான். இலியாஸ்டமியில் அடக்கும் தசை கிடையாது. நாம் நினைத்த நேரத்தில் நிறுத்த இயலாது. என் லாத்தாகூட, “தம்பி, இனி வீட்டிலேயே தொழுதுகொள்” என்று அன்பினால் சொன்னார்.

எங்கள் மஹல்லாவின் ஆலிம் பெருந்தகை வீட்டுக்கே வந்து, பையையும் தகட்டையும் கையில் வாங்கிப் பார்த்து, அது எவ்வாறு மூடியிருக்கிறது என்று கேட்டறிந்தார். தொடர்ந்து சிறுநீர் கசிபவருக்கும், நிற்காத இரத்தப் போக்குள்ளவருக்கும் சட்டநூல்களில் உள்ள சலுகை உமக்கும் உண்டு என்றார். ஷாஃபிஈ மத்ஹபின்படி வக்து வந்த பின்னர்த் தூய்மை செய்து, ஒவ்வொரு ஃபர்ளுக்கும் தனி உளூச் செய்து, தாமதியாமல் தொழ வேண்டும். ஹனஃபி மத்ஹபிலோ ஒரு வக்துக்கு ஓர் உளூ போதுமானது. அந்த வக்து முடியும்வரை அது நிற்கும். இதில் அவரவர் தத்தம் ஆலிமிடம் தம் நிலையைச் சொல்லித் தெளிவு பெறுவதே முறை. நான் சொல்ல வருவது வேறு. மார்க்கம் அடைக்காத கதவைக் கூச்சம் அடைத்துவிடக் கூடாது. அறுவை முடிந்த மூன்றாம் மாதம் ஜும்ஆவுக்குச் சென்றேன். பாங்குக்குப் பின் பையைக் காலி செய்து, உளூச் செய்து, மூன்றாவது ஸஃப்பில் அமர்ந்து குத்பாவை முழுவதும் கேட்டேன். எட்டாண்டுகளில் கிட்டாத பேறு அது.

நோன்பின் நிலை வேறு. உடலுக்கு வேண்டிய நீரையும் உப்பையும் மீட்டெடுப்பது பெருங்குடலின் பணி. அது இல்லாதவருக்குப் பகல் முழுவதும் நீரின்றி இருப்பது ஆபத்தாகலாம்; சிறுநீரகம் பாதிக்கப்படலாம்; கல் உண்டாகலாம். எனக்கு மருத்துவர் தடை சொன்னார். ஃபித்யா கொடுத்து வருகிறேன். முதல் ரமளானில், பிள்ளைகள் ஸஹருக்கு எழும் ஓசையைக் கேட்டுப் படுத்திருந்தபோது என் கண்கள் நனைந்தன. அதைக் கண்ட என் மனைவி, மறுநாளிலிருந்து ஸஹர் சோறு பரிமாறும் வேலையை எனக்கென்று ஒதுக்கிவிட்டாள். இன்றுவரை எங்கள் வீட்டில் ஸஹருக்கு முதலில் எழுபவன் நானே.

மகளின் சம்பந்தம்

2021ஆம் ஆண்டில் என் மகளுக்குச் சம்பந்தம் பேசினோம். “வாப்பாவின் வயிற்றில் பை இருப்பதை மாப்பிள்ளை வீட்டில் சொல்ல வேண்டாம். சட்டைக்குள் இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது?” என்று உறவினர் அறிவுரை கூறினர். என் மனைவி இசையவில்லை. “நாளைக்குச் சம்பந்தி வீட்டில் இரண்டு நாள் தங்கினால் இவர் பையை எங்கே காலி செய்வார்? ஒளிந்து ஒளிந்தா? இவரை ஒளித்து வைத்து என் மகளைக் கொடுக்க வேண்டியதில்லை” என்றாள்.

சொன்னோம். முதலில் வந்த வீட்டார் ஒரு வாரம் கழித்து வேறு காரணம் கூறி விலகிக்கொண்டனர். மகள் முன் தலைநிமிர எனக்கு இயலவில்லை. அவளோ, “வாப்பா, அவர்கள் இப்போதே போனது நல்லதுதானே?” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். இரண்டாவதாக வந்த வீட்டில் மாப்பிள்ளையின் பாட்டியார் நேரடியாகவே கேட்டார்: “இது பிள்ளைக்கும் வருமா?” உள்ளதைச் சொன்னோம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். ஆயினும் இந்நோயாளிகளின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இது வருவதில்லை. அந்த மூதாட்டி சிறிது நேரம் எண்ணிவிட்டு, “எனக்குச் சர்க்கரை, என் மகனுக்குக் கொதிப்பு. எங்கள் வீட்டிலும் எல்லாம் இருக்கிறது” என்றார். அந்த ஆண்டே நிக்காஹ் நடந்தது. இன்று அவர்கள் வீட்டில் நான் உரிமையோடு தங்கி வருகிறேன்.

பையா, உட்பையா?

பை நிலையாக வேண்டியதில்லை என்னும் வழியும் உண்டு. லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் ஆலன் பார்க்ஸ், ஜான் நிக்கல்ஸ் ஆகிய இருவரும், சிறுகுடலைக் கொண்டே உள்ளுக்குள் ஒரு பை அமைத்து அதனை ஆசனவாயோடு இணைக்கும் முறையை 1978ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பெருங்குடல் புண் அழற்சி உடையவர்களுக்கு இது உலகெங்கும் செய்யப்படுகிறது. வயிற்றில் வாசல் இராது. இயற்கை வழியே கழியலாம். ஆனால், பழைய குடல் திரும்பி வந்ததாகப் பொருளில்லை. நாளொன்றுக்கு ஐந்தாறு முறையாவது போக வேண்டியிருக்கும்; இரவில் எழவும் நேரிடும். அந்த உட்பையிலேயே அழற்சி தோன்றி மருந்து தேவைப்படுவோரும் பலர். பெண்களுக்கு, இடுப்புக்குள் செய்யப்படும் இவ்வறுவையினால் இயல்பாகக் கருத்தரிக்கும் வாய்ப்புக் குறையலாம். ஆகவே, திருமண வயதுப் பெண்ணின் பெற்றோர் இதனை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கேட்டறிவது அவசியம்.

எனக்கும் இவ்வழி சொல்லப்பட்டது. கடையில் நெடுநேரம் அமர்பவன், மீண்டும் கழிப்பறையை எண்ணி வாழ விரும்பவில்லை, பையோடேயே இருந்துவிட்டேன். என்னோடு சிகிச்சை பெற்ற ஓர் இளைஞர் உட்பையைத் தேர்ந்தார். அவரும் மகிழ்ச்சியாகவே இருக்கிறார். இருசாராரையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பலவும், மொத்த வாழ்க்கைத் தரத்தில் பெரிய வேறுபாடு இல்லை என்றே காட்டுகின்றன. தன் உடல், தன் தொழில், தன் குடும்பம் ஆகியவற்றை எண்ணித் தேர்ந்தது எதுவோ அதுவே அவரவர்க்கு நன்று.

அன்றாட வாழ்வு

எல்லாம் இனிமை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஒருமுறை மதுரைப் பேருந்தில் தகடு நெகிழ்ந்து சட்டை நனைந்தது. கோடையில் வியர்வையால் தோல் சிவந்து எரிவதுண்டு. பைக்கும் தகட்டுக்கும் மாதந்தோறும் செலவுண்டு. அதை அரிசிச் செலவுபோல் முன்னதாகவே ஒதுக்கிவிடுகிறோம். வெளியே செல்லும்போது ஒரு தகடு, இரண்டு பை, மெல்லிய துணி, மாற்றுக் கைலி ஆகியவை அடங்கிய சிறு பொட்டலம் என்னோடு வரும். நாளொன்றுக்கு ஆறேழு முறை, பை மூன்றிலொரு பங்கு நிரம்பியதும் காலி செய்கிறேன். நான்கு நாட்களுக்கு ஒருமுறை தகட்டை மாற்றுகிறேன். சில நிமிட வேலைதான். ஸ்டோமாவைத் தொட்டால் வலிப்பதில்லை. துடைக்கும்போது ஒரு துளி இரத்தம் கசிந்தால் அஞ்ச வேண்டியதுமில்லை.

உணவில் எனக்குத் தடையென்று இருப்பவை சிலவே. தேங்காய்த் துண்டு, சோளம், காளான், முருங்கைக்காய்ச் சக்கை போன்ற நார்ப்பொருள்கள் வாசலை அடைத்துவிடக்கூடும். மிகக் குறைவாக, நன்கு மென்று உண்ண வேண்டும். வயிற்றை முறுக்கி வலித்து, பையில் எதுவும் இறங்காமல், வாந்தியும் வந்தால் அது அடைப்பின் அடையாளம். உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வழக்கமாக அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை வெளியேறும். ஒன்றரை லிட்டரைத் தாண்டிவிட்டால் உடல் வற்றத் தொடங்கும். அப்போது வெறும் தண்ணீரை மேலும் மேலும் குடித்தால் உப்பு இன்னும் வெளியேறும். உப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஓ.ஆர்.எஸ். கரைசலே தக்கது, அதோடு மருத்துவரையும் அணுக வேண்டும். சோறு, வாழைப்பழம், உப்பிட்ட கஞ்சி ஆகியவை கழிவைக் கெட்டிப்படுத்தும். நம் நோன்புக் கஞ்சி எனக்கு ஆண்டு முழுவதும் பிடித்த உணவாகிவிட்டது!

வீட்டாருக்குச் சில சொற்கள்

வாசகச் சகோதர சகோதரிகளே! உங்கள் இல்லத்தில் இத்தகைய ஒருவர் இருந்தால், வீட்டில் இன்னும் ஒருவரேனும் தகடு மாற்றக் கற்றுக்கொள்ளுங்கள். காய்ச்சலில் படுத்திருக்கும் நாளில் அந்தக் கை வேண்டியிருக்கும். அவர் கழிப்பறையில் சற்று நேரம் எடுத்துக்கொண்டால் கதவைத் தட்டாதீர்கள். நாற்றம் வருகிறதா என்று பிறர் முன்னிலையில் கேட்காதீர்கள். நன்கு ஒட்டிய பையிலிருந்து நாற்றம் வருவதில்லை. விருந்துக்கு அவரை அழைக்காமல் விடுவது அன்பாகாது. அழையுங்கள், வருவதா வேண்டாமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். கணவனோ மனைவியோ இந்நிலையில் இருந்தால், இல்லற வாழ்வு முடிந்துவிட்டதென்று இருவரும் மௌனமாக முடிவு செய்துவிட வேண்டாம். உடல் தேறியபின் அதுவும் திரும்பும். பை வைத்த பெண்கள் பிள்ளை பெற்று வளர்க்கிறார்கள்.

அந்த 32 கேள்விகளில் நம் வீடுகளுக்கென்று சில கேள்விகளைச் சேர்க்க என் மனம் விழைகிறது. ஸஃப்பில் உங்களுக்கு இடம் இருக்கிறதா? உங்கள் வீட்டு நல்ல காரியங்களில் உங்களை முன்னே நிறுத்துகிறார்களா? உங்கள் உடலைப் பற்றி உரத்துப் பேச உங்களுக்கு வீட்டில் ஓர் ஆள் உண்டா? இவற்றுக்கு மருத்துவமனையில் மதிப்பெண் கிடையாது. அந்த மதிப்பெண்ணை நோயாளிக்குப் பெற்றுத் தர வேண்டியவர்கள் நீங்கள்தாம்.

நோயுற்றோர் அனைவருக்கும் எல்லாம் வல்ல அல்லாஹ் பூரண சுகத்தையும், அவர்களோடு வாழ்வோருக்குப் பொறுமையையும் பரிவையும் அளித்தருள்வானாக! ஆமீன்.